எங்கும் போகாத கப்பல்

“எங்கியும் போவாத கப்பலுக்கா இத்தனை காசு?” என்றுதான் என் மனைவி முதலில் கேட்டாள்.

கேள்வி நியாயமானதுதான். 2022 ஜூன் மாதம் சென்னைத் துறைமுகத்திலிருந்து உல்லாசக் கப்பல் விட்டார்களே, முதலமைச்சர் வந்து கொடியசைத்து அனுப்பினாரே, அதில் இரண்டு விதமான பயணம் இருந்தது. ஒன்று ஐந்து இரவு; விசாகப்பட்டினம், புதுச்சேரி தொட்டுத் திரும்புவது. இன்னொன்று இரண்டு இரவு. சாயங்காலம் கிளம்பி, மறுநாள் பூராவும் கடலிலேயே இருந்துவிட்டு, அதற்கடுத்த நாள் காலையில் கிளம்பிய இடத்துக்கே வந்து சேருவது. நடுவில் எந்த ஊரும் கிடையாது. பஸ்ஸில் ஏறி, டெப்போவை ஒரு சுற்றுச் சுற்றி இறங்குகிற மாதிரி.

வழக்கமாகப் படிப்பவர்களுக்குத் தெரியும், நான் காரைக்கால்காரன்; வேலை கொண்டுவந்து சேர்த்ததால் அரூர்க்காரன் ஆனவன். ஆகவே என் மகள் முதலில் எங்களை ஐந்து இரவுப் பயணத்தில்தான் கூட்டிப்போக நினைத்தாள். “அப்பா, புதுச்சேரியைக் கடல் பக்கமிருந்து பார்க்கலாம்” என்றாள். ஆனால் முதல் பயணத்திலேயே கப்பல் புதுச்சேரி வரைக்கும் வந்தும், சூதாட்டம் இருக்கிறது என்று ஊரில் எதிர்ப்புக் கிளம்பி, அனுமதி கிடைக்காமல், யாரும் இறங்காமலே திரும்பிப் போன செய்தியைப் பேப்பரில் பார்த்தோம். அதனால் ஆகஸ்டில் இரண்டு இரவுப் பயணத்துக்கே டிக்கெட் போட்டாள். கொரோனாவில் இரண்டு வருஷம் பேரன் பேத்தியைக் கண்ணாடித் திரையில் மட்டும் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் நாங்கள். எங்கே கூப்பிட்டிருந்தாலும் போயிருப்போம்.

அரூரில் ரயில் கிடையாது. மொரப்பூர் போய்த்தான் ஏறவேண்டும். பிளாட்பாரத்தில் என் மனைவி புதுச்செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு பழைய செருப்போடு நின்றாள். “கப்பல்ல ஏறும்போது போட்டுக்கறேன்” என்றாள். அவள் பிறந்து வளர்ந்ததெல்லாம் தீர்த்தமலைப் பக்கம். கேழ்வரகும் நிலக்கடலையும் விளைகிற பூமி. ஆடி ஆவணியில் வானத்தைப் பார்த்து வாழ்ந்த குடும்பம். கடலை அவள் பார்த்ததே கல்யாணமான பிறகு காரைக்காலில்தான். பார்த்ததும், “இவ்ளோ தண்ணிய வெச்சுக்கிட்டு ஒரு ஏக்கர் கூட பாய்ச்ச முடியாதா?” என்று கேட்டாள். என் அப்பா அன்றைக்குச் சிரித்த மாதிரி வேறு என்றைக்கும் சிரித்து நான் பார்த்ததில்லை.

துறைமுகத்தில் விமான நிலையத்தைப் போலவே சோதனைகள். மூட்டையைத் தனியாக அனுப்பிவிட்டு, அட்டை வாங்கிக்கொண்டு, பாலம் மாதிரி ஒன்றில் நடந்தால் கப்பலுக்குள் இருக்கிறோம். எப்போது தரை முடிந்தது, எப்போது தண்ணீர் வந்தது என்றே தெரியவில்லை. பேரன் செல்போனில் கப்பலின் ஜாதகத்தைப் படித்துச் சொல்லிக்கொண்டே வந்தான். பெயர் எம்பிரஸ். நீளம் 211 மீட்டர். பதினொரு அடுக்கு. ஆயிரத்தெண்ணூறு பேர் போகலாம். “1990-ல கட்டினது தாத்தா. பிரான்ஸ்ல, செயின்ட் நசைர்னு ஒரு ஊர்.”

“சேன் நசேர்” என்றேன். வாய் தானாகச் சொல்லிவிட்டது. “லுவார் நதி கடலில் கலக்கிற இடம்.”

பையன் நிமிர்ந்து பார்த்தான். அவனுக்குத் தெரிந்த தாத்தா தாலுகா ஆபீஸ் தாத்தா. பட்டா, சிட்டா, அடங்கல் தெரிந்தவர். லுவார் நதி எங்கே புறப்படுகிறது என்று இன்றைக்கு என்னைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்: ழெர்பியே த ழோன் மலை. ஆயிரம் கிலோமீட்டர் ஓடி, சேன் நசேரில் அட்லாண்டிக்கில் கலக்கிறது. எங்கள் பிரெஞ்சுப் பள்ளியில் இதைத் தப்பில்லாமல் சொன்னால்தான் பெஞ்சில் உட்கார விடுவார்கள். ஜன்னலுக்கு வெளியே கொஞ்ச தூரத்தில் அரசலாறு ஓடும். அது காவிரியின் கிளை என்பதும், காவிரி குடகில் பிறக்கிறது என்பதும் நான் அரூருக்கு வந்த பிறகு, அதுவும் ஒகேனக்கல் டூருக்குப் போனபோது தெரிந்துகொண்டது. அதே சேன் நசேரில்தான் 1930-களில் நொர்மாந்தி என்ற பெரிய கப்பலையும் கட்டினார்கள். அதன் படம் எங்கள் வகுப்புச் சுவரில் மாட்டியிருந்தது. அந்த ஊரில் கட்டிய ஒரு கப்பலில் என்றைக்காவது ஏறுவேன் என்று பத்து வயதில் நினைத்தது உண்மை. ஏறியது எழுபத்துமூன்றில்; மொரப்பூரில் ரயில் பிடித்து.

ஏறினதும் உயிர்காக்கும் அங்கி எப்படிப் போட்டுக்கொள்வது என்று எல்லோரையும் வரிசையாக நிற்கவைத்துச் சொல்லிக்கொடுத்தார்கள். அதற்கப்புறம் சங்கு ஊதிக் கப்பல் நகர்ந்தது. மெரினா விளக்குகள் ஒரு கோடாகி, கோடு புள்ளிகளாகி, போய்விட்டன. கொஞ்ச நேரத்தில் செல்போனில் சிக்னலும் போயிற்று. என் மருமகப்பிள்ளை அதைத் தூக்கித் தூக்கிப் பார்த்துவிட்டு, முகத்தில் ஒரு கலவரத்தோடு பாக்கெட்டில் போட்டுக்கொண்டார். பாவம், அவருக்கு அது கையிலேயே ஒட்டிப் பிறந்தது.

முதல் இரவைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. சாப்பிட்டோம், தூங்கினோம். எங்கள் அறைக்கு ஜன்னல் கிடையாது. ஜன்னல் இருந்தால் விலை ஏறும். விளக்கை அணைத்தால் குகைதான். ஐந்து மணிக்கு வழக்கப்படி விழிப்பு வந்தது. காக்கை சத்தம் இல்லை, வாசல் தெளிக்கிற சத்தம் இல்லை, பால்காரர் மணி இல்லை. அடியில் எங்கோ இயந்திரம் உறுமிக்கொண்டிருப்பது மட்டும் கட்டில் காலில் கை வைத்தால் தெரிந்தது.

மேல்தளத்துக்குப் போனேன். சுற்றிலும் தண்ணீர். இதை எழுதும்போது இரண்டு வார்த்தையில் முடிந்துவிடுகிறது. கரையில் நின்று பார்க்கிற கடல் வேறு. அங்கே நமக்கு முதுகுப்பக்கம் ஊர் இருக்கிறது. இங்கே முதுகுப்பக்கமும் கடல். நிறமும் வேறு. காரைக்கால் கரையில் நான் பார்த்தது கலங்கின பச்சை. இது மசிக்கூட்டில் இருக்கிற மசியின் நிறம். பழைய புளூ பிளாக். ஒரு பேனாவைத் தொட்டு எழுதலாம் போல இருந்தது.

காலை உணவுக்குப் போகும்போது மகள் ஒரு தாளைக் கொடுத்தாள். அன்றைய நிகழ்ச்சி நிரல். ஏழு மணிக்கு யோகா, ஒன்பதுக்கு நடனப் பயிற்சி, பத்தரைக்கு வினாடி வினா, அப்புறம் பிங்கோ, சமையல் செய்துகாட்டுதல், நீச்சல்குளத்தில் விளையாட்டு, மாயாஜாலம், இரவு நாடகம் என்று ஒரு மணிக்கூறுகூட விடாமல் நிரப்பியிருந்தார்கள். என் கை சட்டைப் பைக்குப் போய்ப் பேனாவை எடுத்துவிட்டது. முப்பத்தாறு வருஷம் தன்பதிவேடு எழுதின கை. வந்த தபால் எத்தனை, முடித்தது எத்தனை, நிலுவை எத்தனை. ஓய்வு பெற்று பதினைந்து வருஷம் ஆகியும் காலையில் எழுந்ததும் ஒரு துண்டுத்தாளில் அன்றைய வேலைகளை எழுதிவைத்துக்கொண்டு, முடிந்ததை அடித்துக்கொண்டே வருவேன். ரேஷன் கடை, பென்ஷனர் சங்கம், மின்கட்டணம், இரண்டு பக்கம் எழுதுவது. எதுவும் இல்லாத நாளில் ‘பரண் சுத்தம்’ என்றாவது எழுதிவிடுவேன். அந்த நிரலில் நான் நாலு இடத்தில் டிக் போட்டேன்.

என் மனைவி தாளை வாங்கி நாலாக மடித்துத் தன் முந்தானையில் செருகிக்கொண்டாள். “உக்காருங்க” என்றாள்.

இரண்டு சாய்வு நாற்காலி. நிழல். எங்களுக்கு முன்னால் கம்பி, கம்பிக்கு அப்பால் கடல். பிள்ளைகள் நீச்சல்குளத்துக்குப் போய்விட்டார்கள். மணி ஒன்பதே கால்.

ஒன்பதரைக்கு நான் கடிகாரத்தைப் பார்த்தேன். ஒன்பது முப்பத்தைந்துக்கு மறுபடி. “அது என்ன தூரம் இருக்கும், அந்தக் கோடு?” என்று அவள் அடிவானத்தைக் காட்டிக் கேட்டாள். அப்பாடா, ஒரு வேலை கிடைத்தது. நாங்கள் இருந்த தளம் தண்ணீரிலிருந்து ஒரு இருபத்தைந்து மீட்டர் உயரம் என்று வைத்துக்கொண்டால், அடிவானம் சுமார் 18 கிலோமீட்டர். மீட்டரில் உள்ள உயரத்துக்கு வர்க்கமூலம் கண்டு, அதை மூன்றரையால் பெருக்கினால் கிட்டத்தட்ட வந்துவிடும். “இங்கேருந்து அந்தக் கோடு, அரூர்லேருந்து மொரப்பூர் மாதிரி” என்றேன். “அவ்ளோதானா!” என்றாள். அவளுக்கு ஏமாற்றம். எல்லாப் பக்கமும் மொரப்பூர். நடுவில் நாங்கள். கப்பல் எவ்வளவு ஓடினாலும் மொரப்பூர் வராது.

கொஞ்ச நேரத்தில் கோலா மீன் பார்த்தோம். கப்பல் கிழித்துப் போகிற தண்ணீரிலிருந்து ஏழெட்டு ஒன்றாகக் கிளம்பி, விசிறி எறிந்த சில்லுப் போல் பறந்து, மறுபடி உள்ளே போயின. காரைக்காலில் சீசனுக்குக் கூடைகூடையாக வரும் மீன் அது. ஆணம் வைத்துத் தின்றிருக்கிறேன். பறந்து பார்த்தது இதுதான் முதல் தடவை. மேற்கேயிருந்து காற்று வந்தது. எங்கள் ஊர் மீனவர்கள் அதைக் கச்சான் என்பார்கள். அந்த வார்த்தை நினைவுக்கு வந்தபோதுதான் அப்பாவும் வந்தார்.

அப்பா சைகோனில் இருந்தவர். காரைக்காலில் அந்தக் காலத்தில் நாலு வீட்டுக்கு ஒரு வீட்டில் சைகோன் பெட்டி இருக்கும். பிரெஞ்சுக்காரர்களுக்கு அங்கே எழுத்து வேலைக்கும், சுங்கத்துக்கும், போலீசுக்கும் ஆள் வேண்டியிருந்தது; நம்மவர்களுக்கு பிரெஞ்சு தெரிந்திருந்தது. 1933-ல் அப்பா கிளம்பினார். பேரளம் வரை சின்ன ரயில், மாயவரத்தில் போட் மெயில், தனுஷ்கோடி, அங்கிருந்து படகில் தலைமன்னார், மறுபடி ரயில், கொழும்பு. கொழும்பில் மெசழெரி மரித்தீம் கம்பெனியின் கப்பல். அங்கிருந்து சைகோனுக்கு ஒரு வாரத்துக்கு மேல். சுங்க ஆபீசில் எழுத்தர். நடுவில் உலகப் போர் வந்து, ஜப்பான்காரன் வந்து, கடிதமும் இல்லாமல் பணமும் இல்லாமல் சில வருஷம். 1947-ல் லீவில் வந்து கல்யாணம் செய்துகொண்டார். 1949-ல் நான் பிறந்து நாற்பதாம் நாள் மறுபடி கப்பல். இந்தோசீனாவில் பிரெஞ்சு ஆட்சி முடிந்து, 1955-ல் மூட்டை கட்டிக்கொண்டு நிரந்தரமாக வந்து சேர்ந்தபோது எனக்கு ஆறு வயது. யாரோ ஒருவர் தொப்பியோடு உள்ளே வருகிறார் என்று நெல்குதிருக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டேன். இரண்டு மாதம் அவரை ‘அவங்க’ என்றுதான் சொன்னேனாம்.

“கப்பல்ல என்னப்பா செய்வீங்க?” என்று பின்னால் ஒரு நாள் கேட்டேன்.

“ஒன்றும் செய்யமாட்டோம்.”

“ஒரு வாரம் பூராவுமா?”

“முதல் ரெண்டு நாள் கஷ்டம். அப்புறம் பழகிவிடும். அப்புறம் ஊர் வந்தால் கஷ்டம்.”

வந்த பிறகு அப்பா திண்ணையிலேயே இருந்தார். கிழக்கே பார்த்த வீடு. கடல் தெரியாது, கடைசியில் கடல்தான் இருக்கிறது என்று தெரியும். காலையில் காப்பி குடித்துவிட்டு உட்கார்ந்தால் சாப்பாட்டுக்குத்தான் எழுந்திருப்பார். பென்ஷன் வந்துகொண்டிருந்தது. பேப்பர் படிப்பார், பாதியில் மடித்து வைத்துவிடுவார். பேசமாட்டார்.

1962 ஆகஸ்டு 16-ல் ஒப்பந்தம் அமலுக்கு வந்தது. எட்டு வருஷமாக நடைமுறையில் இந்தியாவோடு இருந்த பிரெஞ்சுப் பகுதிகள் அன்றைக்குச் சட்டப்படியும் சேர்ந்தன. பிரெஞ்சுக் குடிமக்களாக இருந்த எங்களைப் போன்றவர்கள் இந்தியர்களாகிவிடுவோம். பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டும் என்றால் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்கவேண்டும். பதினெட்டு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்கு அப்பாவின் முடிவுதான் முடிவு. எங்கள் வகுப்பில் பதினேழு பேர். ஒருவன் வந்து “எங்கள் வீட்டில் கையெழுத்துப் போட்டாச்சு” என்பான். அடுத்த வாரம் இன்னொருவன். தினமும் பள்ளி விட்டு வந்ததும் திண்ணையைப் பார்ப்பேன். அப்பா உட்கார்ந்திருப்பார். தீபாவளி வந்தது, பொங்கல் வந்தது. உட்கார்ந்தே இருந்தார். பிப்ரவரியும் வந்தது, தேதியும் போயிற்று. வகுப்பில் ஏழு பேர் பிரெஞ்சுக்காரர்கள் ஆனார்கள். நான் ஆகவில்லை. எனக்கு அப்போது பதினாலு வயது. லுவார் நதியை நேரில் பார்க்கப்போகிறவன் என்று என்னை நானே நினைத்துக்கொண்டிருந்த வயது.

அதற்கப்புறம் நடந்ததை முன்பே துண்டு துண்டாக எழுதியிருக்கிறேன். பிரெவே பாஸ் செய்து, தனித்தேர்வராக எஸ்.எஸ்.எல்.சி. எழுதி, சேலத்திலிருந்த மாமா சொல்லி சர்வீஸ் கமிஷன் பரீட்சை எழுதி, 1971-ல் அரூர் தாலுகா ஆபீசில் எழுத்தர். அப்பாவும் எழுத்தர், மகனும் எழுத்தர். அவர் சைகோனில், நான் அரூரில். என் தமிழ் அப்போது அவ்வளவு லட்சணம். நான் எழுதிய முதல் குறிப்பைத் தலைமை எழுத்தர் சிவப்பு மசியால் அடித்து அடித்து, என் வார்த்தையில் தேதியை மட்டும் விட்டுவைத்தார். “பாண்டிச்சேரி துரை, ‘மேற்படி’க்கு ‘ப்’ வருமா வராதா?” என்று எல்லோர் முன்னாலும் கேட்பார். ராத்திரியில் பழைய கோப்புகளை எடுத்துவந்து லாந்தர் வெளிச்சத்தில் படித்துத்தான் நான் தமிழ் கற்றது. இன்றைக்கும் நான் எழுதுவதில் கொஞ்சம் கோப்பு வாசனை அடிப்பதாக நீங்கள் நினைத்தால், காரணம் அதுதான்.

1979-ல் ஒரு தடவை காரைக்கால் போயிருந்தபோது, அந்த ஏழு பேரில் ஒருவன் பிரான்சிலிருந்து குடும்பத்தோடு வந்திருந்தான். பார்க்க வந்தான். கையில் சென்ட் பாட்டில், கழுத்தில் கேமரா. அன்பாகத்தான் பேசினான். என் பிரெஞ்சு தடுமாறியது. அவன் நாசூக்காகத் தமிழுக்கு மாறிக்கொண்டான். அந்த நாசூக்கைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அவன் போனதும் திண்ணையில் இருந்த அப்பாவிடம் சொன்னேன்: “ஆறு மாசம் இங்கேயே சும்மா உட்கார்ந்து என் தலையில மண்ணைப் போட்டீங்க.”

அப்பா ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்சம் நகர்ந்து எனக்கு உட்கார இடம் விட்டார். நான் உட்காரவில்லை. சாயங்கால பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டேன்.

1984-ல் அவர் படுத்தபோது அம்மாவுக்குக் கண் சரியாகத் தெரியாது. என் மனைவிதான் காரைக்கால் போய் இரண்டு மாதம் இருந்து பார்த்துக்கொண்டாள். எனக்கு ஜமாபந்தி. லீவு கிடையாது. இரண்டு தடவை போய் வந்தேன். மூன்றாம் தடவை தந்தி வந்து, மூன்று பஸ் மாறிப் போய்ச் சேர்ந்தபோது வாசலில் பெஞ்சு போட்டிருந்தது. அவருக்கு எழுபத்திரண்டு. அந்த வயதை இப்போது நான் ஒரு வருஷம் தாண்டிவிட்டேன்.

இதெல்லாம் கப்பலில் வரிசையாக நினைத்ததல்ல. சாப்பாட்டுக்குப் போய் வந்தோம். அங்கே இட்லி, பூரி, பாஸ்தா எல்லாம் ஒரே வரிசையில் இருந்தன. என் மனைவி தயிர்சாதத்தைக் கண்டுபிடித்து நிம்மதியடைந்தாள். மறுபடி அதே நாற்காலிக்கு வந்தோம். மதியத்துக்கு மேல் கடிகாரம் பார்க்கிற பழக்கம் விட்டுப்போயிருந்தது. தூக்கமும் இல்லை, விழிப்பும் இல்லை. எப்போதோ நான் சத்தமாகச் சொல்லியிருக்கிறேன்:

“அப்பா இப்படித்தான் உட்கார்ந்திருப்பார்.”

“ஆமா” என்றாள் அவள். “ஆனா மாமா சும்மாவா உக்காந்திருந்தாரு? அந்த பாரத்த பக்கத்துல வெச்சுக்கிட்டு இல்ல உக்காந்திருந்தாரு.”

எனக்கு விளங்கவில்லை. எந்த பாரம்?

“அதான், பிரெஞ்சுக்காரங்களுக்கு எழுதிக் குடுக்கற பாரம். பூர்த்தி பண்ணி, கையெழுத்தும் போட்டு, பாய்க்கு அடியில வெச்சிருந்தாராம் ஆறு மாசமும். குடுக்கறதுக்காக பாண்டிச்சேரிக்கு ரெண்டு தடவ பஸ் ஏறி, கடலூர்லயே எறங்கித் திரும்பிட்டாராம்.”

“உனக்கு யார் சொன்னது?”

“மாமாதான். படுத்திருந்தப்ப. ராத்திரில தூக்கம் வராது அவருக்கு, பேசிட்டே இருப்பாரு.”

நான் அவரோடு இருபத்தொன்பது வருஷம் மகனாக இருந்தேன். பேசிக்கொண்டே இருந்து பார்த்ததில்லை.

அவள் சொன்னதை அவள் வார்த்தையிலேயே எழுதுகிறேன். “கையெழுத்துப் போட்டா பையன் பிரான்சுக்குப் போவான், எட்டு வருஷம் பத்து வருஷம் கழிச்சுதான் வருவான். ‘எனக்குப் பயணம் தெரியும் பொண்ணே, போறவன் ஒருத்தன், திரும்பி வர்றவன் வேற ஒருத்தன். நான் திரும்பி வந்தப்ப என் புள்ள என்னப் பார்த்து குதிருக்குப் பின்னாடி ஒளிஞ்சான். அவன் திரும்பி வந்தா நான் எங்க போயி ஒளியறது?’ன்னாரு. சொல்லிட்டு, ‘அவன்கிட்ட தப்புத்தான் பண்ணேன்’னும் சொன்னாரு. ரெண்டையும் சொன்னாரு.”

முப்பத்தெட்டு வருஷம். “ஏன் என்கிட்ட சொல்லலை?” என்று கேட்டேன். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது போலிருக்கிறது; பக்கத்து நாற்காலிக்காரர் திரும்பிப் பார்த்தார்.

“நீங்க எங்க கேட்டீங்க? மாமா பேச்ச எடுத்தாலே எந்திரிச்சிப் போயிடுவீங்க. இங்கதான் எந்திரிச்சிப் போவ எடமில்ல.”

உண்மை. வீட்டில் என்றால் பரண் சுத்தம் செய்யக் கிளம்பியிருப்பேன்.

அந்த நேரத்தில் எனக்கு என்ன தோன்றியது என்று நேர்மையாகச் சொல்லவேண்டும். மனசு இளகியது, ஆனால் கோபமும் வந்தது. கடலூரில் இறங்கித் திரும்பினவர் ஒரு தடவை என்னைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். பதினாலு வயதுப் பையனுக்குப் பதில் தெரிந்திருக்கும். தெரிந்திருக்கும் என்பதால்தான் கேட்கவில்லையோ என்னவோ. அதோடு, நான் 1979-ல் அந்த வார்த்தையைச் சொன்னபோது அவர் பாரத்தைப் பற்றிச் சொல்லியிருந்தால் என் வாய் அடைத்திருக்கும். சொல்லாமல் நகர்ந்து இடம் விட்டார். இதையெல்லாம் இருபது தடவை மனசுக்குள் கோப்புப் போல் புரட்டினேன். முடிவு எழுதுகிற இடத்தில் எழுத ஒன்றுமில்லை. கடல் அதுபாட்டுக்கு இருந்தது.

“நீங்க பிரான்சு போயிருந்தா நான் யாரக் கட்டியிருப்பேன்?” என்று அவள் கேட்டாள், கொஞ்ச நேரம் கழித்து.

“யாரையாவது.”

“நல்ல ஆளா கெடச்சிருப்பாரு” என்றாள். கொட்டாவி விட்டாள்.

சாயங்காலம் பேரன் பேத்தி வந்து எங்களை இழுத்துக்கொண்டு போனார்கள். சூரியன் இறங்குவதைப் பார்க்க மேற்குப் பக்கம் ஒரே கூட்டம். கிழக்குக் கரையில் பிறந்தவன் சூரியன் கடலிலிருந்து வருவதைப் பார்த்திருப்பானே தவிர, கடலுக்குள் போவதைப் பார்த்திருக்கமாட்டான். நமக்கு அது தென்னந்தோப்புக்குப் பின்னால்தான் போகும். அரூரில் மலைக்குப் பின்னால். கரை கண்ணுக்கு எட்டாத தூரத்தில் நின்றால்தான் இந்தப் பக்கத்துக்காரன் அதைப் பார்க்கமுடியும். அப்பா பார்த்திருப்பார், எத்தனையோ தடவை. அன்றைக்கு மேற்கில் மேகம் இருந்தது. பாதிச் சூரியனைத்தான் பார்த்தோம். கடைசியில் மேகத்துக்கும் தண்ணீருக்கும் நடுவில் ஒரு சிவப்புக் கீற்று. பேத்தி கை தட்டினாள்.

இரவு நாடகத்துக்குப் போனோம். ஆட்டமும் பாட்டும் நன்றாகத்தான் இருந்தன. எனக்கு ஒன்றும் மனசில் நிற்கவில்லை. என் மனைவி புதுச்செருப்பை அதற்குத்தான் போட்டுக்கொண்டு வந்தாள், காலைக் கடித்துவிட்டது, அறைக்குத் திரும்பும்போது கையில் தூக்கிக்கொண்டு வந்தாள்.

மறுநாள் கண் விழித்தபோது சென்னை வந்திருந்தது. மருமகப்பிள்ளையின் செல்போன் இடைவிடாமல் கிணுகிணுத்துக்கொண்டிருந்தது. முந்தானையிலிருந்து அந்த நாலாக மடித்த தாளை எடுத்து என் மனைவி என்னிடம் கொடுத்தாள். நாலு டிக். நாலும் நிலுவை.

அரூர் வந்த பிறகும் இரண்டு நாள் எனக்குத் தரை ஆடியது. குளியலறைக்குப் போகும்போது சுவரைப் பிடித்துக்கொண்டு போனேன். டாக்டரிடம் போகவேண்டாம், தானாகச் சரியாகும் என்று மகள் போனில் சொன்னாள். அப்பாவும் சைகோனிலிருந்து வந்த புதிதில் வீட்டுக்குள் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நடந்தாராம், அம்மா சொல்லியிருக்கிறாள். குதிருக்குப் பின்னாலிருந்து அதை நான் பார்த்திருக்கவேண்டும். ஞாபகமில்லை.